வியாழன் இரண்டு மணி

தொலைபேசியில் விலை கேட்டது நான்தான்.
மீன் விலை கேட்கும் குரலில் தொடங்கி
பாதியில் தொண்டை அடைத்துவிட்டது.
யாருக்கு, என்றாள்.
தம்பிக்கு. முப்பத்தொன்பது வயது.
கைகால்கள் அவன் சொல் கேட்பதில்லை.
பேச்சு மெதுவாக வரும், பொறுத்திருந்தால் புரியும்.
"அப்படியென்றால் அவரே பேசட்டும்.
பொறுத்திருக்கிறேன்."

ட்ரோல்ஸின் காதருகே பிடித்துக்கொண்டு
முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
'சரி' என்ற ஒரு சொல் வெளியே வருவதற்குள்
அடுப்பில் கெண்டி கொதித்து அடங்கியது.
அவள் இரண்டாம் முறையும் கேட்டாள்.
அவன் இரண்டாம் முறையும் சொன்னான்.

எஸ்பியர்க்கில் மார்ச் மாதக் காற்று
துறைமுகத்து டீசல் வாடையை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும்.
அந்தக் காற்றில் வந்தாள். பெயர் போடில்.
ஐம்பது தாண்டியிருக்கும். மழைக்கோட்டு.
முழங்கால் வலிக்காரியின் நடை.
நான் எதிர்பார்த்த சிவப்பு எங்கும் இல்லை,
கழுத்தில் தொங்கிய வாசிப்புக் கண்ணாடியின் சட்டத்தைத் தவிர.
எதிர்வீட்டுத் திருமதி கெல்ட்ஸன்
வெட்டத் தேவையில்லாத வேலியை வெட்டிக்கொண்டிருந்தாள்.
"புது நர்ஸ்" என்றேன், அவள் கேட்காமலே.
பொய் சொன்னது நான்.
பாவத்தைக் கொண்டுவருகிறவள் என்று நான் நினைத்தவள்
அதுவரை ஒரு பொய்யும் சொல்லியிருக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் காரில் இருந்தேன்.
வானொலியில் கப்பல்களுக்கான வானிலை.
அந்தத் தொழில் செய்பவளுக்கு எங்கள் மொழியில்
எத்தனை பெயர் என்று எண்ணிப் பார்த்தேன்.
ஏழு வந்தன.
ஆறு, பள்ளி மைதானத்தில் எங்கள்மேல் எறியப்பட்டவை.
ஏழாவது வரிக் கணக்குக்கு.
காசு கொடுத்துப் போகிறவனுக்கு ஒன்றே ஒன்று,
அதுவும் ரொட்டிக்கடையில் எல்லோரையும் அழைக்கும் பெயர்.

உடலை விற்பது தவறென்று
பதினைந்து வயதில் தேவாலய வகுப்பில்
அழகான கையெழுத்தில் எழுதினேன்.
அதை இப்போதும் அடித்துவிட மனமில்லை.
இதே நேரம் எங்கோ ஒருத்தி
கடனுக்காக,
கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்காக,
கூரையைப் பார்த்தபடி கிடப்பாள்.
அவளுக்கும் போடிலுக்கும்
ஒரே பெயரை வைத்திருக்கிறோம்.
யாருடைய வசதிக்கு?

பிறகு ஓலுஃப் நினைவுக்கு வந்தான்.
பதினெட்டு வருஷத்துச் சனிக்கிழமைகள்.
கெட்டவனில்லை.
கேட்டதில்லை, அவ்வளவுதான்.
நானும் சொன்னதில்லை.
விரலில் மோதிரம் இருந்ததால்
யாரும் வேலி வெட்ட வரவில்லை.

மூன்றரைக்கு வந்து கார்க் கதவைத் திறந்தாள்.
"ரயில் நிலையம் வரை விட முடியுமா?
முழங்கால்."
பணம் கொடுத்தானா?
"தன் கையாலேயே தருவேன் என்றார்.
நான்கு நிமிஷம் ஆனது. எனக்கென்ன அவசரம்."
எல்லோரிடமும் போவீர்களா?
"இல்லை. பலருக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.
சில அக்காமாருக்கும்."

என்ன நடந்தது என்று கேட்க வாயெடுத்தேன்.
"அது அவருடையது" என்றாள்,
இருக்கைப் பட்டையை மாட்டிக்கொண்டே.

சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் கேட்டாள்:
"அவர் அறைக்குள் போகும்போது
கதவைத் தட்டுவீர்களா?"

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.
விளக்கு எப்போது பச்சையானதோ.

குளிப்பாட்டியிருக்கிறேன். சவரம் செய்திருக்கிறேன்.
படுக்கையைப் புரட்டி விரித்திருக்கிறேன்.
எத்தனை வருஷம். எத்தனை முறை.
காற்று நுழைவது போல நுழைந்திருக்கிறேன்.

ஆறு மணிக்கு அவன் கதவின் முன் நின்றேன்.
கையில் தட்டு. தட்டுவதற்குக் கை இல்லை.
சூப்பைத் தரையில் வைத்தேன்.
தட்டினேன்.
உள்ளே ஒரு சொல்
புறப்பட்டு வந்துகொண்டிருந்தது.
சூப்பின் மேல் ஆடை படர்ந்தது.

"இப்போ வேண்டாம்"
என்றான்.